புகையிலைத் துண்டு

மயிலாத்தாள் தெருமுக்கில் வண்டியை விட்டு இறங்கியதும் கொண்டையை அவிழ்க்கவில்லை. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்துகொண்டாள். வாயில் வெற்றிலை இருந்தது. அதையும் துப்பவில்லை.

கூடப்பிறந்த தம்பி செத்துக் கிடக்கிறான். முறைப்படி அவள் இந்த இடத்திலேயே தலையை விரித்துப்போட்டு, நெஞ்சில் அறைந்துகொண்டு, குரல் எடுத்தபடி ஓட வேண்டும். முறை தெரியாதவள் அல்ல அவள். கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எந்த ஊரில் எழவு விழுந்தாலும் எமனுக்கு அடுத்தபடி சேதி போவது மயிலாத்தாளுக்குத்தான். அவள் ஒப்பாரி சொன்னால் செத்தவனோடு ஆயுசு முழுக்க வரப்புச் சண்டை போட்டவன்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொள்வான். "ஊருக்கெல்லாம் அழுதாச்சு. எனக்கு அழறதுக்குத்தான் ஒருத்தியும் இன்னும் பழகிக்கலை. நானே முன்கூட்டி அழுது வெச்சுட்டுப் போனாத்தான் உண்டு" என்று தன்னைத்தானே கேலி பண்ணிக்கொள்வாள்.

"அம்மா, வெத்தலையத் துப்பீட்டு வாம்மா," என்றான் மகன் சென்னிமலை, மாட்டுக் கயிற்றைப் பிடித்தபடி. "எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். செத்தவன் எந்திரிச்சு வந்து கேக்கப் போறானா?"

"இப்பிடிப் பேசறதுக்கு ஊட்டுலயே இருந்திருக்கலாம்."

"இருந்திருப்பேன். பெரியமுத்து மாமன்தான் ஆள் மேல ஆள் உட்டுட்டாரே. நான் வாயத் தொறக்காமப் பொணத்தை எடுக்க மாட்டாங்களாமா. உசுரோட இருக்கறப்ப என்ற வாயி ஆருக்கும் வேண்டியிருக்கலை."

அந்தப் பக்கத்தில் அது ஒரு கட்டு. ஆண்பிள்ளை செத்தால் கூடப்பிறந்தவள்தான் முதல் ஒப்புச் சொல்ல வேண்டும். அவள் தொடங்கிய பிறகே மற்றப் பெண்கள் குரல் கொடுப்பார்கள். அதற்கப்புறம்தான் பாடை வாசலைத் தாண்டும். கூடப்பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தி சொல்லலாம். கூடப்பிறந்தவள் உயிரோடு, வாயோடு, அதுவும் இப்படிப்பட்ட வாயோடு இருக்கும்போது இன்னொருத்தி சொன்னால் செத்தவனுக்குத்தான் கேவலம்.

அந்தக் கேவலத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாமா என்றுதான் மயிலாத்தாள் வண்டியில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள்.

தெருச்சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. தம்பி செங்கோட்டையன் அதில் வலது கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தான். இலக்கிய மன்றத்துக்காரர்கள் ஏதோ பழைய கவியரங்கத்தில் எடுத்த படத்தையே போட்டு ராத்திரியோடு ராத்திரியாக அச்சடித்திருந்தார்கள். செத்துப்போனதற்கு எல்லாரையும் வருந்தி அழைப்பதுபோல இருந்தது.

செத்த விதமும் அவனுக்குப் பொருத்தமாகத்தான் அமைந்தது. நேற்றுச் சாயங்காலம் வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தான். கணவாய்க் காற்று நின்று, மேற்கே வானம் சிவந்து கிடந்த நேரம். பனைமரத்தில் சாய்ந்து வானத்தைப் பார்த்தபடி இருந்தவனை எத்தனையோ பேர் கடந்து போனார்கள். பாட்டுக் கட்டுகிறான், கூப்பிட்டால் கெட்டுப்போகும் என்று ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. மடை உடைந்து தண்ணீர் பக்கத்துக் காட்டுக்குப் பாயத் தொடங்கியதும் காட்டுக்காரன் திட்டிக்கொண்டே வந்து தோளைத் தொட்டான். அப்போதுதான் தெரிந்தது.

வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். கல்யாணத்துக்குக் கட்டுகிற ஒலிபெருக்கியை வேப்பமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெஞ்சியில் செங்கோட்டையன் கிடந்தான். தலைமாட்டில் அவன் பெண்டாட்டி பழனாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வருகிற ஒவ்வொரு பெண்ணையும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை அளந்தாள். மயிலாத்தாளையும் அளந்தாள். கொண்டையில் கண் கொஞ்ச நேரம் நின்றது.

"வாங்க நங்கையா. வழி மறந்து போயிருக்கும்னு நெனைச்சேன்," என்றாள் புருஷனின் அக்காளைப் பார்த்து.

"மறக்கலை பழனா. வழிநெடுக உன்ற ஊட்டுக்காரன் மூஞ்சிய ஒட்டி வெச்சிருக்காங்க. எனக்குப் படிக்கத்தான் தெரியாது, மூஞ்சி தெரியும்."

"தெரிஞ்சா சரி. அவரு உங்க மூஞ்சிய மறந்தே போயிருந்தாரு."

"நல்லதாப் போச்சு. போற எடத்துல நிம்மதியா இருக்கட்டும்."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்கள். எழவு வீட்டில் இவ்வளவு சீக்கிரம் சுவாரசியம் தட்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

மயிலாத்தாள் பெஞ்சிக்கு அருகில் போய் நின்றாள். மீசையை யாரோ ஒழுங்காகக் கத்தரித்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது ஒரு பக்கம் மேலேயும் ஒரு பக்கம் கீழேயும்தான் இருக்கும். நெற்றியில் காசு வைத்திருந்தது. அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. வயிற்றில் ஒரு எரிச்சல்தான் வந்தது. அந்த எரிச்சலோடு பல வருஷம் பழகிவிட்டதால் அதுவும் ஒரு உறவுக்காரர்போல அவளோடேயே வண்டியில் வந்து இறங்கியிருந்தது.

அவள் புருஷன் போனது கடலை பறிக்கும் காலத்தில். நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை, புகையிலை. தோளில் போடுகிற துண்டின் முனையில் எப்போதும் ஒரு முடிச்சு முடிந்து வைத்திருப்பார். மச்சினன் வீட்டுக்கு வந்தால் அந்தத் துண்டைக் கழற்றி மாட்டுகிற இடமெல்லாம் வீசும். "நங்கையா, உங்க ஊட்டுக்காரரு வந்துட்டுப் போனா என்ற பாயி ரெண்டு பொழுதுக்கு இருமுது" என்று பழனாத்தாள் குறைபட்டுக்கொள்வாள். செங்கோட்டையனுக்கோ அந்த வாசம் பட்டாலே அடுக்குத் தும்மல்.

அவர் செத்தபோது ஊர் கேட்க மயிலாத்தாள் அழுதது வழக்கமான ஒப்பாரிதான். தங்கத் தேர், மணிமுடி, மாடமாளிகை. அந்த மனுஷரிடம் இருந்தது ரெண்டு மாடும் வானம் பார்த்த பூமியும். ஒப்பாரியில் அதையெல்லாம் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. அப்புறம் விடியக்காலம் பால் கறக்க உட்காருகையில் வேறு சில வரிகள் வந்தன. மாட்டின் விலாவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, பால் செம்பில் விழுகிற தாளத்துக்கு அவள் அதைச் சொல்லுவாள். ஊர் கேட்க அழுதது ஊருக்கு. இது மாட்டுக்கும் அவளுக்கும் மட்டும். மாடு யாரிடமும் சொல்லவில்லை.

காட்டு வேலைக்கு ஒத்தாசையாக வந்து தங்கியிருந்த தம்பி, கொட்டகைக்கு அந்தப் பக்கம் வைக்கோல் மேல் படுத்திருந்தான். அவன் தூங்குகிறான் என்று அவள் நினைத்தாள்.

வருஷம் திரும்பியது. ஒருநாள் குஞ்சு முகம்மது ராவுத்தர் கடையில் புண்ணாக்கு வாங்கிக்கொண்டு நின்றாள். கடையில் ஊரே கூடியிருந்தது. ரேடியோப் பெட்டியில் செங்கோட்டையன் கவிதை படிக்கப் போகிறான். ஊர்க்காரன் ஒருத்தன் ரேடியோவில் பேசுகிறான் என்றால் அவன் என்ன பேசினாலும் பெருமைதான். மயிலாத்தாளும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் நின்றாள்.

மழையைப் பற்றிப் படித்தான். பனங்காட்டுக் காற்றைப் பற்றிப் படித்தான். பிறகு, "இது காதல்" என்று தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தான்.

மல்லிகைப்பூ முந்தானை வாசத்தைப்
பெட்டியிலே வைத்திருக்கேன்
திறந்தால் போய்விடுமென்று
திறக்காமல் காத்திருக்கேன்.

மயிலாத்தாளின் கையில் இருந்த புண்ணாக்குக் கட்டி உடைந்தது. புகையிலைத் துண்டை மல்லிகைப்பூ முந்தானையாக்கி இருந்தான். மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. திருடுகிறவன் புகையிலையோடு திருடியிருந்தால்கூட அவள் இவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டாள். அவனுக்கு அவ்வளவுதான் தைரியம்.

"ஏனக்கா," என்றார் குஞ்சு முகம்மது, தராசை ஆட்டிக்கொண்டே. "தம்பி ஆரை நெனைச்சுப் பாடறாரு? பழனாத்தா மல்லிகை வெச்சு நான் பாத்ததில்லையே."

கடை முழுக்கச் சிரித்தது. புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தியின் அடிவயிற்றிலிருந்து வந்த வரிகளைக் கேட்டுக் கடை முழுக்கச் சிரித்தது. அவள் புண்ணாக்கை அங்கேயே போட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் செங்கோட்டையன் புதுச் சால்வையோடு அக்காள் வீட்டுக்கு வந்தான். அவள் வாசல் தெளிக்கச் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். வாளியோடு எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள். அவன் கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டான். பிறகு, "அது காத்துல போயிரக் கூடாதுன்னுதான் அக்கா," என்றான். அவள் விளக்குமாற்றைத் தேடினாள். படலைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு அவன் சொன்னான்: "இந்தச் சாணிக்கும் ஒரு வரி சொல்லு அக்கா. நீ சொன்னா நல்லா இருக்கும்."

அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

"மயிலா." பெரியமுத்து வந்து நின்றார். ஊரில் நல்லது கெட்டது எதுவானாலும் முன்னால் நின்று நடத்துகிறவர். பொறுமை கிடையாது. "பொழுது ஏறுது. கொண்டைய அவுத்துட்டு ஒரு ரெண்டு வரி சொல்லிப்போடு. ஆகற காரியத்தைப் பாக்கோணும்."

"தொண்டை கட்டிக்கிச்சுங் மாமா."

"போன வாரம் மேக்கால ஊட்டு எழவுல வேலந்தாவளம் வரைக்கும் கேட்டுச்சு."

"அங்கதான் கட்டிக்கிச்சு."

"கூடப்பொறந்தவனுக்கு வாயில வராதா உனக்கு?"

வராது என்று சொல்ல முடியாது. வரும். வருவதுதான் தொல்லை. மனசுக்குள் ஒவ்வொரு வரியாக எடுத்துப் பார்த்தாள். கிழக்கே இறங்கிய மழை, காற்றில் தலைவிரித்த பனை, தனக்குள்ளேயே பூட்டிக்கொண்ட வீடு என்று நல்லதாக எதை எடுத்தாலும் ரேடியோவில் போயிருந்தது, புத்தகமாகியிருந்தது. வெளுக்கப் போட்ட வேட்டியில் குறி போட்டதுபோல ஒவ்வொன்றின் முனையிலும் தம்பியின் பேர் இருந்தது. இப்போது அவள் தன் வரிகளைச் சொன்னால், அக்காக்காரி தம்பி பாட்டைத் திருடிச் சொல்கிறாள் என்பார்கள். வேறே சொன்னால், தங்கத் தேரும் மாடமாளிகையும்தான் மிச்சம். அதைச் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. அவன்மேல் இருந்த பகைக்காகக்கூட அவனுக்குத் தங்கத் தேர் கட்ட அவளால் முடியாது.

"சித்தெ இருங்க," என்றாள். பெரியமுத்து துண்டை உதறிவிட்டுப் போனார்.

அப்போது ஒலிபெருக்கி இரும ஆரம்பித்தது. இலக்கிய மன்றத் தலைவர் அர்த்தநாரி மைக்கின் முன்னால் நின்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லாரையும் பெஞ்சியில் உட்கார்ந்திருக்கிற மாதிரியே பார்ப்பார். பக்கத்தில் அகளியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ரெண்டு கவிஞர்கள், ஆளுக்கொரு மாலையோடு.

"இயற்கையைப் பாடினார்," என்றார் அர்த்தநாரி. "காதலைப் பாடினார். தன் அகத்தைத் தோண்டித் தோண்டிப் பாடினார். கடப்பாரை எடுத்துக் கிணறு தோண்டுகிற இந்த மண்ணில் சொல் எடுத்து நெஞ்சைத் தோண்டினார். அன்னாரின் தலைசிறந்த காதல் கவிதையை, அன்னாரின் திருவுடலின் முன்னால், நான் மனப்பாடமாகவே..."

"நிறுத்துங்க."

பழனாத்தாள் எழுந்து நின்றாள். பின்னாலிருந்து யாரோ சேலையைப் பிடித்து இழுத்தார்கள். அவள் உதறினாள்.

"அந்தப் பாட்டை என்ற வாசல்ல படிச்சா அப்பறம் நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

"அம்மா, அது அவருடைய தலைசிறந்த..."

"உங்களுக்குத் தலைசிறந்தது. எனக்குத் தலையெழுத்து. அதை ரேடியோவுல படிச்ச நாள்ல இருந்து கெணத்தடிக்குப் போனா, 'பழனா, மல்லிகை ஆருக்கு?'ங்கறாளுக. சந்தைக்குப் போனா பூக்காரி என்னைக் கூப்புடறதில்லை, சிரிக்கறா. நான் பூ வெக்கறதையே உட்டுட்டேன். வெச்சா, போட்டிக்கு வெக்கறான்னு சொல்லுவாளுக."

"அம்மணி, இப்ப எதுக்கு இது," என்றார் பெரியமுத்து.

"இப்பத்தான். இனி அவர்கிட்டக் கேக்க முடியுமா? கேட்டேனுங் மாமா. ஒண்ணும் பண்ண மாட்டேன், ஆருன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டேன். 'ஆருமில்ல பழனா, அது உள்ளுக்குள்ள இருக்கறது'ன்னு சிரிச்சாரு. உள்ளுக்குள்ள இருக்கறவளுக்கு எதுக்கு மல்லிகைப்பூ? மலைமேல இருக்கற மாட்டுப்பட்டிக்குச் சீமை மாடு வாங்கப் போயிப் பனிமூட்டத்தைப் பத்தி ஒரு பாட்டோட வந்தாரு. மாடு வரலை. அதையெல்லாம் பொறுத்துட்டேன். இதைப் பொறுக்க முடியலை." அவள் குரல் கீழே இறங்கியது. "காத்தால இருந்து வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கேன். இன்னிக்காச்சும் வருவா. எவ நெம்ப அழுவறாளோ, அவதான்."

விசும்பிக்கொண்டிருந்த ரெண்டு மூன்று பெண்கள் சட்டென்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

பழனாத்தாளின் மகன் ஈஸ்வரமூர்த்தி ஓடிவந்து அம்மாவைத் தோளில் அழுத்தி உட்கார வைத்தான். மைக்செட்டுக்காரன் எதற்கும் இருக்கட்டும் என்று ஒலிபெருக்கியை அணைத்தான். அர்த்தநாரி மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

மயிலாத்தாள் வாயில் இருந்த வெற்றிலையை அப்போதுதான் உணர்ந்தாள். பந்தலுக்கு வெளியே போய்த் துப்பினாள். அங்கே வைத்திருந்த சருவப் பானைத் தண்ணீரில் வாய் கொப்பளித்தாள். மறுபடியும் கொப்பளித்தாள்.

இத்தனை வருஷமும் களவு போனது தன் வீட்டில் மட்டும்தான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு வரியை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டு போய் இன்னொருத்தியின் மடியில் நெருப்புக் கங்காகப் போட்டிருக்கிறான். அவளும் அதைக் கீழே போடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சொல்லியிருக்கலாமே இந்தப் பயல். என்ற அக்கா சொன்னது, அவ ஊட்டுக்காரருக்குச் சொன்னது என்று ஒரு வாய்ச் சொல். சொன்னால் திருட்டு என்று ஆகிவிடும் என்று பயந்தானா? இல்லை, அக்காள் மாட்டிடம் சொன்னதை ஊருக்குச் சொன்னது போதும், யார் சொன்னது என்பதையாவது மறைத்து வைப்போம் என்றா? கேட்டால் சொல்லுகிற நிலையில் அவன் இல்லை. இருந்தாலும் சிரிப்பான்.

அம்மா செத்த அன்றைக்கு இதே வாசல். செங்கோட்டையனுக்கு அப்போது மீசை முளைக்கிற வயசு. ஆண்பிள்ளைகள் ஒப்பாரி சொல்லக் கூடாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும். அவன் பெண்கள் கூட்டத்துக்குப் பின்னால் வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் குந்தி, "அக்கா, எம் பங்குக்கும் சேத்து நீயே அழுதுரு. எனக்கு உள்ள இருக்குது, வாய்க்கு வர மாட்டேங்குது," என்றான். அன்றைக்கு அவனுக்கும் சேர்த்து அழுதாள். கொடுத்துப் பழக்கியது அவள்தான். பிறகு அவன் கேட்காமல் எடுத்துக்கொண்டான். கேட்டிருந்தால் கொடுத்திருப்பாளா? சாணித் தண்ணீரைத்தான் கொடுத்திருப்பாள். அது அவளுக்கே தெரிந்தது.

உள்ளதைச் சொல்லிவிட்டால் என்ன? இந்த மைக்கிலேயே. "அது என்ற பாட்டு, இவன் திருடன்" என்று. பழனாத்தாளுக்கு மூச்சு வரும். தம்பி அந்தச் சிரிக்கிற நோட்டீஸோடு சேர்த்துக் கிழிந்துபோவான். சொல்லாவிட்டால் இவள் சாகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மயிலாத்தாள் கையைப் பின்னால் கொண்டுபோய்க் கொண்டையை அவிழ்த்தாள். இறுக்கி முடிந்ததால் சிக்கு விழுந்திருந்தது. பிய்த்துக்கொண்டு அவிழ்த்தாள்.

நேராகப் பெஞ்சிக்குப் போகாமல் பழனாத்தாளின் முன்னால் போய்க் குத்த வைத்தாள். முட்டி ரெண்டும் கடகடவென்று சத்தம் போட்டன. ஒப்பாரிக்கு முன்னால் மேளம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். பழனாத்தாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மயிலாத்தாள் அவள் தோள்களில் கை போட்டுத் தன் பக்கம் இழுத்தாள். கட்டி அழுகிற முறை அது, மறுக்க முடியாது. வாய் அவள் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

முதலில் அவனுக்குச் சேர வேண்டியதைச் சொன்னாள்.

சாணி கரைச்சூத்தித்
தலைமுழுக வெச்சேனே
சந்தனமா ஏந்திக்கிட்டே
சாமி என் கூடப்பொறப்பே
வாசப்படி தாண்டலையே
வந்து மொகம் பாக்கலையே
நீ கேட்டுப் போன வரி
நேரங்கெட்டு வந்ததய்யா.

குரல் நன்றாகத்தான் இருந்தது. தொண்டை கட்டவே இல்லை என்பது பெரியமுத்துவுக்கும் தெரிந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து குரல் கொடுக்கத் தொடங்கினார்கள். அவர்கள் இழுத்து முடிக்கும்வரை மயிலாத்தாள் காத்திருந்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். இத்தனை பேர் நடுவில் அவள் அதைச் சொல்லுவது இதுதான் முதல் தடவை. நெற்றியைச் சாய்க்க மாட்டின் விலா இல்லை. பழனாத்தாளின் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

கெழக்கே மழையெறங்கக்
கேணியெல்லாம் கண்தொறக்க
மாடு கறக்கையிலே
மடியெல்லாம் நனையுதய்யா
பொகையெலைத் துண்டுவாசம்
பொட்டியிலே வெச்சிருக்கேன்
தொறந்தாப் போயிருமின்னு
தொறக்காமக் காத்திருக்கேன்.

கைக்குள் இருந்த தோள் ஒரு கணம் விறைத்தது. "பொகையெலைத் துண்டுவாசம்" என்று மயிலாத்தாள் இன்னொரு தரம் சொன்னாள். ஒப்பாரியில் ஒரு வரியைத் திருப்பிச் சொல்லுவது வழக்கம்தான். யாரும் கவனிக்கவில்லை. பழனாத்தாள் தலையைப் பின்னுக்கு இழுத்து மயிலாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். உச்சந்தலையிலிருந்து ஆரம்பிக்கவில்லை. கண்ணை மட்டும் பார்த்தாள். வாய் ஏதோ கேட்கத் திறந்தது. மயிலாத்தாள் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தாள்.

பழனாத்தாள் அதற்கப்புறம் அழுத அழுகையை அந்த ஊர் நீண்ட நாள் பேசிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து தேக்கி வைத்தது மட்டும் அல்ல அது. பெஞ்சியின் காலைக் கட்டிக்கொண்டு, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்று அதையே சொல்லிச் சொல்லி அழுதாள். சாகப்போவதை முன்னாலேயே சொல்லவில்லை என்று அழுகிறாள் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

பாடையைத் தூக்கக் கைகள் சேர்ந்தபோது அர்த்தநாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு மயிலாத்தாளிடம் வந்தார்.

"அம்மா, எழுத்தறிவு இல்லாத உங்கள் வாயில் அவர் கவிதை எப்படி உயிரோடு இருக்கிறது பார்த்தீர்களா. அதுதான் கவிஞனின் வெற்றி." பிறகு பள்ளிக்கூட வழக்கம் விடவில்லை. "ஒரே ஒரு சொல்தான் மாறிவிட்டது. அது புகையிலைத் துண்டு இல்லை. மல்லிகைப்பூ முந்தானை."

மயிலாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வாயில் நல்லதாக ஒன்று வந்து நின்றது. அதைச் சொல்லியிருந்தால் மன்றத்துக்கே வேறு தலைவர் தேட வேண்டி வந்திருக்கும். சென்னிமலை பயந்துபோய் அம்மாவின் முழங்கையைப் பிடித்தான்.

"ஆமாங்க வாத்தியாரே," என்றாள். "வயசாயிருச்சு. மாறிப்போச்சு."

மேளம் தெருமுக்கைத் தாண்டியது. நோட்டீஸில் கை தூக்கிச் சிரித்தவனைக் கடந்து, பாடையில் கிடக்கிறவன் போனான். ஆண்கள் போன பிறகு பெண்கள் வாசலைக் கழுவிவிட்டார்கள். பெஞ்சியைத் திருப்பிப் போட்டார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு அங்கங்கே உட்கார்ந்தார்கள்.

செத்தவன் துணிமணியைச் சலவைக்காரிக்குக் கொடுப்பது வழக்கம். ஈஸ்வரமூர்த்தியின் பெண்டாட்டி எல்லாவற்றையும் அள்ளி வாசலில் குவித்திருந்தாள். நாலு முழ வேட்டி, அழுக்குப் பனியன், கவியரங்கத்துக்குப் போடுகிற ஜிப்பா, பொன்னாடை என்று பேர் பெற்ற சரிகைத் துணிகள்.

மயிலாத்தாள் கதவோரம் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். பழனாத்தாள் உள்ளேயிருந்து வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. குவியலின் அடியில் கையை விட்டு ஒரு பழைய ஈரிழைத் துண்டை உருவினாள். நேற்றுச் சாயங்காலம் அவன் தோளில் கிடந்தது. வாய்க்கால் மேட்டுச் செம்மண் இன்னும் ஒரு முனையில் ஒட்டியிருந்தது. அதை முகத்துக்கு அருகில் கொண்டு போகவில்லை. நாலாக மடித்து, மாரோடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சலவைக்காரி குவியலை மூட்டை கட்டினாள். தாராபுரத்திலோ எங்கோ வாங்கிய சரிகைத் துணி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே திணித்தாள்.

"தோள்ல போட்டிருந்த துண்டு ஒண்ணு இருக்குமேங்க," என்றாள். "இவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்," என்றாள் மயிலாத்தாள். "எடுத்துட்டுப் போ."

உள்ளே தகரப் பெட்டியின் கொண்டி மாட்டுகிற சத்தம் கேட்டது.